பதினொரு வெள்ளைப் புள்ளிகள்

மூன்று வாரமாகப் பாயிஸா கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய பல்லில் ஒரு கோளாறும் இல்லை. கொடுத்தால் கரும்பைக் கடித்து இழுப்பாள். ஆனால் அவளுடைய அண்ணன் மக்கீன் நானாவின் மனைவி கைரியா, "பாயிஸாவுக்குக் கடைவாய்ப் பல்லு நோவு" என்று வீட்டில் ஒரு பொய்யைச் சொல்லிவைத்துவிட்டாள். பொய் கைரியாவுடையது, கஞ்சி பாயிஸாவுக்கு. குடும்பங்களில் நியாயம் பெரும்பாலும் இப்படித்தான் பங்கு பிரிகிறது.

உண்மையான கோளாறு கண்ணில். போன மாதம் ஒருநாள் காலை, கலியாணச் சட்டைக்குக் கரை தைத்துக்கொண்டிருந்தவளின் இடக் கண் ஓரத்தில் பளிச்பளிச்சென்று ஏதோ மின்னியது. மறுநாள் ஊசிக் காது தெரியவில்லை. வலக் கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தால், மதினி கைரியாவின் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கறை ஒன்று இருந்தது.

டொக்டர் சுந்தரலிங்கம் கண்ணுக்குள் வெளிச்சம் பாய்ச்சிப் பார்த்து, பின்சுவரில் பதினொரு வெள்ளைப் புள்ளிகள் இருப்பதாகச் சொன்னது நம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். "கசம் கண்ணில இறங்கினாலும் இப்பிடிப் புள்ளி விழும். இப்ப ஒண்டும் சொல்லேலாது. இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பிப் போட்டு மூண்டு கிழமை பாப்பம்" என்று அவர் சொன்னதும் நினைவிருக்கும்.

கசம் என்றால் காசநோய்! அந்தச் சொல் ஒரு வீட்டு வாசலைத் தாண்டினால் அடுத்த வீட்டார் தங்கள் கிணற்று வாளியை எடுத்து உள்ளே வைத்துக்கொள்வார்கள். நிக்காஹ்வுக்கோ இன்னும் பதினாறே நாள். மாப்பிள்ளை அலவத்துகொட ஹாஷிம், வத்தேகமச் சந்தையில் மிளகும் பாக்கும் வியாபாரம் செய்பவர். அந்த வீட்டுக்கு ஒரு வார்த்தை போனால் கலியாணம் அன்றோடு முடிந்தது.

இதை மக்கீன் நானாவிடம் மறைத்ததற்கு அவர் பொல்லாதவர் என்று காரணம் இல்லை. அவர் மிக நல்லவர். எந்த உண்மையையும் அரை மணி நேரத்துக்கு மேல் வயிற்றில் வைத்திருக்கத் தெரியாத அளவுக்கு நல்லவர்.

டொக்டர் சொன்ன மூன்று கிழமை இன்றோடு முடிகிறது.

"இன்னும் நோவுதா புள்ள?" என்று கேட்டார் மக்கீன் நானா, கடைக்குப் புறப்படும்போது. "பல்லப் புடுங்கிப் போட்டாத்தான் செரி. கலியாணப் பொண்ணு வீங்கின கன்னத்தோட குந்தியிருந்தா மாப்புள ஊட்டாக்கள் என்ன செல்லுவாங்க?"

"எங்க வீங்கியீக்கி நானா?" என்றாள் பாயிஸா, மறதியாக.

"அது உள்வீக்கம்" என்று கைரியா குறுக்கே விழுந்தாள். "வாவிக் கரைப் பக்கம் ஒரு பல்லு டொக்டர் ஈக்காராம். இண்டைக்குக் காட்டிட்டு வாறோம்."

நானாவின் முகம் கனிந்தது. அலுமாரியைத் திறந்து கராம்பு எண்ணெய்ப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். "வழியில நோவு கூடினா பூசுங்க. மறக்காமக் கொண்டு போங்க."

இரண்டு பேரும் மறந்துவிட்டுப் போனார்கள்.

வாவிக் கரையில் சுந்தரலிங்கத்தின் டிஸ்பென்சரி வாசலுக்கு மேல் வண்டிச் சக்கர அளவில் ஒரு கண் வரைந்திருந்தது, இமை மயிரெல்லாம் எண்ணும்படி. அதைக் கடந்து உள்ளே போகும்போது கைரியா முந்தானையை முகத்தில் இழுத்துக்கொள்வாள். அந்தக் கண் கண்டதைப் போய் யாரிடமாவது சொல்லிவிடும் என்று அவளுக்கு உள்ளூரப் பயம்.

"வாங்கம்மா வாங்க" என்றாள் நர்ஸ் புஷ்பம். "மொதல்ல எழுத்துப் பலகையப் பாத்திருவோம்."

சுவரில் தொங்கிய பலகையில் இங்கிலீஷ் எழுத்துக்கள், மேலே பெரிதாகத் தொடங்கிக் கீழே வரவரச் சிறுத்து நின்றன. பாயிஸா வலக் கண்ணைப் பொத்திக்கொண்டாள். புஷ்பத்தின் பிரம்பு மேல் எழுத்தைத் தொட்டதுதான் தாமதம்.

"ஈ. எப், பீ. டீ, ஓ, இசெட். எல், பீ, ஈ, டீ…"

பிரம்பு பின்னால் ஓடிவர வேண்டியிருந்தது. கடைசி வரி வரைக்கும் ஒரு தடுமாற்றம் இல்லை.

"போன தடவ மாதிரியே! டாக்டரய்யா கூட இம்புட்டு வேகமாப் படிக்க மாட்டாரு" என்று புஷ்பம் எழுதிக்கொண்டாள்.

இப்போது ஒரு ரகசியம். மதினிக்கும் தெரியாத ரகசியம். பாயிஸாவுக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்துத் தெரியாது.

முதல் நாள் பெண்களுக்கான படுதாவுக்குப் பின்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் பதினான்கு பேர் பலகையை வாசித்தார்கள். ஒன்பது வயதில் குர்ஆனின் யாஸீன் அத்தியாயத்தை மனப்பாடமாக ஓதிய பிள்ளை அவள். காதில் விழுந்ததெல்லாம் வரி வரியாக நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. புஷ்பம் பிரம்பைத் தூக்கிய நேரம் பயத்தில் வாய் தானாக ஓதிவிட்டது. ஒருதடவை ஓதியதை இரண்டாம் தடவை ஓதாமல் விட முடியுமா?

புஷ்பம் இரண்டு கண்ணிலும் மருந்துத் தண்ணீர் விட்டாள். "பாவை விரியணும். முக்கா மணி நேரமாகும். படுதாவுக்குப் பின்னால உக்காருங்க."

"எனக்கு இந்த மருந்து வாசம் ஒத்துக்கொள்ளாது" என்று கைரியா எழுந்துவிட்டாள். "நான் சந்தப் பக்கம் போயிட்டு வாறேன். நீ அசையாமக் குந்து."

மருந்து ஊற ஊறக் கிட்டே இருப்பதெல்லாம் கலங்கியது. பாயிஸா தன் உள்ளங்கையைப் பார்த்தாள், ரேகை இல்லை. அவள் உட்கார்ந்திருந்த வாங்கில் பக்கத்தில் வெள்ளை முக்காட்டோடு யாரோ இருந்தார்கள். முகம் தெரியவில்லை, ஜாதிக்காய் வாசம் மட்டும் வந்தது.

"என்ன மகள், ஒனக்கும் தண்ணி ஊத்திட்டாங்களா?"

"ஓ பெரியம்மா. கிட்ட ஈக்கிறது ஒண்டும் வெளங்குதில்ல."

"எனக்கு ஊத்தாமலே அப்படித்தான். ரெண்டு கண்ணுலயும் படலமாம், வெட்டணுமாம். யாரு வெட்ட உடுவா? பலகைய நல்லா வாசிச்சா வெட்டத் தேவையில்லத்தானே?" அந்த அம்மாளின் குரல் தாழ்ந்தது. "படுதாவுக்குப் பின்னால இருந்து கேட்டுக் கேட்டுப் பாடமாக்கிட்டேன். ஈ. எப், பீ. டீ, ஓ, இசெட். இண்டைக்கு அதோட தட்டிப் போச்சி. டொக்டர் உள்ள கூப்பிட்டு இன்னொருக்காக் கேப்பாராம்."

பாயிஸா உதட்டைக் கடித்துப் பார்த்தாள். அடங்கவில்லை.

"எல், பீ, ஈ, டீ" என்றாள்.

வெள்ளை முக்காடு அவள் பக்கம் திரும்பியது.

"நீயுமா!"

இரண்டு பேரும் முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார்கள். படுதாவுக்கு வெளியே புஷ்பம், "சத்தம் போடாதீங்கம்மா" என்றாள். பத்து நிமிடத்தில் பாயிஸா மீதி வரிகளையும் ஓதிக் கொடுத்துவிட்டாள். மூன்று வாரமாகச் சிரிக்காதவளுக்கு வயிறு நொந்தது.

"படலத்த வெட்டினாத்தான் என்ன பெரியம்மா?"

"பத்து நாள் ரெண்டு கண்ணையும் கட்டிப் படுக்க வெப்பாங்களாம். ஊட்டுல மகன்ட கலியாணம் மகள். மாப்புளட உம்மா கண்ணக் கட்டிக்கிட்டுக் கெடந்தா நல்லாவா ஈக்கும்?"

"மருமகள் எப்படி?"

"அழகாம்."

"அழகாமா? நீங்க பாக்கல்லியா?"

"மோதிரம் போட நான்தான் போனேன். புள்ள தல குனிஞ்சி குந்தியிருந்திச்சி. எனக்கு வெளங்கினது வெள்ளத் துணி போட்டு மூடின சோத்துச் சகன் மாதிரி ஒண்டு. எல்லாரும் அழகுன்னாங்க. நானும் மாஷா அல்லாஹ்ன்னு செல்லிட்டு, வட்டலப்பத்தத் தின்னுட்டு வந்தேன்." சற்று நின்று, வேறு குரலில் சொன்னாள்: "என்ட மகன் கட்டப் போற புள்ளட மொகம் எனக்குத் தெரியா மகள். இத யாருக்கிட்டயும் செல்லல்ல."

அந்தக் குரல் பாயிஸாவின் மனத்தைத் தொட்டது. முகம் தெரியாதவர்களிடம் மனம் திறப்பது எளிது. அவளும் திறந்தாள்.

"எனக்கும் கலியாணம்தான். நானும் மாமிட மொகத்தப் பாக்கல்ல. தல நிமிந்தா மதினி கிள்ளுவாங்க. காலத்தான் பாத்தேன்."

"கால் எப்படி?"

"பெரிய கால். அதட்டுற கால்."

அந்த அம்மாள் குலுங்கிச் சிரித்தாள். பாயிஸாவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "என்ட எடக் கண்ணுல புள்ளி புள்ளியா விழுந்தீக்கி பெரியம்மா. கசமோ என்னமோன்னு டொக்டர் பாக்குறார். அவங்களுக்குத் தெரிஞ்சா வேணாமுன்னு செல்லிருவாங்க. ஒளிச்சி வெச்சீக்கோம். ஒளிச்சி வெச்சித்தான் எனக்குச் சோறே எறங்குதில்ல."

"எந்த ஊருல மகள் குடுக்குறாங்க?"

பதில் சொல்வதற்குள் புஷ்பம் படுதாவை விலக்கினாள். "பாயிஸா! உள்ள வாங்க."

பக்கத்தில் இருந்த வெள்ளை முக்காடு சட்டென்று நிமிர்ந்தது. பாயிஸா அதைக் கவனிக்கவில்லை.

இருட்டறையில் டொக்டர் சிறு விளக்குக் கண்ணாடியைத் தன் கண்ணில் வைத்துக்கொண்டு அவள் கண்ணருகே குனிந்தார். "மேல பாரும் பிள்ளை. இப்ப இடப்பக்கம். அசையாதையும்."

பார்த்ததைக் கையோடு தாளில் வரைவது அவர் வழக்கம். தோடம்பழ நிறத்தில் வட்டம், அதற்குள் சிவப்பில் இரத்த நாளங்கள். புள்ளிகளுக்கு நிறம் இல்லை. பிளேடு முனையால் நிறத்தைச் சுரண்டி வெள்ளைத் தாளை வெளியே எடுப்பார். பாயிஸா மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சுரண்டல் சத்தத்தை எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அப்புறம் சத்தம் இல்லை.

ஜன்னலைத் திறந்து பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "அண்டைக்குப் பதினொண்டு. இண்டைக்கு நாலு. அதுவும் மங்கிப்போச்சு. தழும்பும் இல்லை."

"அல்ஹம்துலில்லாஹ்!"

ஆனால் டொக்டரின் நெற்றி சுருங்கியே இருந்தது. "ஒண்டுதான் ஒத்துவரேல்லை. நடுவுக்குப் பக்கத்தில இவ்வளவு புள்ளி. தானா வந்து தானாப் போற அழற்சி எண்டால் பார்வை விழுந்து எழும்பியிருக்க வேணும். உம்மட பார்வை அண்டைக்கும் ஒரு எழுத்துக் குறையேல்லை, இண்டைக்கும் குறையேல்லை. பார்வையைத் தொடாமல் சத்தமில்லாமல் இருக்கிற புள்ளி எண்டால் எனக்குக் கசத்தில சந்தேகம். கொழும்புக்குக் கடிதம் தாறன். ஒரு மாசம் அங்க வைச்சுப் பாக்கட்டும்."

பேனா தாளில் ஓடத் தொடங்கியது.

ஒரு மாதம். கலியாணத்துக்குப் பதினாறு நாள். தன் நாக்கு செய்த வேலை தன்னையே கொழும்புக்கு அனுப்பப் போகிறது.

"டொக்டர்… நான் பலகைய வாசிக்கல்ல."

"பின்னை?"

"ஓதினேன்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவள் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை ஒரே மூச்சில் ஓதிக் காட்டினாள். டொக்டர் கதிரையில் சாய்ந்து சிரித்த சிரிப்பில் புஷ்பம் ஓடிவந்துவிட்டாள்.

"இருவது வருசமாக் கண் பாக்கிறன். என்னை ஆரும் இப்பிடி ஏமாத்தினதில்லை. புஷ்பம், மற்றப் பலகையைக் கொண்டு வாரும்!"

மற்றப் பலகையில் எழுத்தில்லை. மூன்று பல் சீப்பு மாதிரி ஒரே வடிவம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்த்து நின்றது. பாயிஸாவின் கையில் அதேபோல ஒரு மரத்துண்டைக் கொடுத்தார்கள். பலகையில் சீப்பு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் இதையும் திருப்ப வேண்டும். மருந்து ஊறிய கண் கூசாமலிருக்கச் சிறு துளையிட்ட அட்டையை இடக் கண் முன்னால் பிடித்தாள்.

இதில் ஓதுவதற்கு ஒன்றுமில்லை. கண் மட்டும்தான்.

மேல், கீழ், இடம், கீழ், வலம். மரத்துண்டு திரும்பிக்கொண்டே போனது. கடைசிக்கு முந்திய வரியில்தான் முதல் பிழை.

"முதல் நாள் உண்மையில எவ்வளவு தெரிஞ்சது?"

"மேல ஈக்கிற பெரிய எழுத்தே தெரியல்ல. கறுப்பா என்னமோ கெடந்திச்சி."

"அப்ப விழுந்துதான் எழும்பியிருக்கு!" அவர் மேசையில் தட்டினார். "நெஞ்சிலயும் சத்தமில்லை, கொழும்பில பாத்த இரத்தமும் சுத்தம். கசத்திண்ட புள்ளி மூண்டு கிழமையில தழும்பு விடாமல் போகாது. இது கசமில்லை பிள்ளை."

"அப்ப இதுக்குப் பேர் என்ன டொக்டர்?"

"பேர் எனக்கும் தெரியாது, என்னட்டை இருக்கிற புத்தகத்திலயும் இல்லை. பேர் வைக்க முந்தியே அது போகத் தொடங்கிட்டுது. அடுத்த மாசம் ஒருக்கா வந்து காட்டும்." கொழும்புக் கடிதத்தை நான்காகக் கிழித்தார். பிறகு ஒரு மாதிரியாகப் பார்த்தார். "வேற ஆரும் இப்பிடி ஓதினமோ?"

"எனக்கு இப்பக் கிட்டக் கண் ஒண்டும் வெளங்குதில்ல டொக்டர்" என்றாள் பாயிஸா பவ்வியமாக.

"அந்தப் பதிலே போதும். புஷ்பம், எழுத்துப் பலகையை இங்க கொண்டு வந்து சுவர்ப் பக்கம் திருப்பி வையும். அடுத்த ஆள்!"

புஷ்பம் வாசலில் நின்று கூப்பிட்டாள். "அலவத்துகொட உம்மு குல்சும்!"

பாயிஸாவின் கால் அங்கேயே நின்றுவிட்டது. கலியாணம் பேசிய நாளிலிருந்து வீட்டில் தினமும் நாலு தடவை அடிபடும் பெயர் அது. ஜாதிக்காய் வாசம் அவளை உரசிக்கொண்டு உள்ளே போனது.

அதட்டுற கால் என்று சொன்னாளே! புள்ளி, கசம், ஒளித்து வைத்தது, ஒன்று விடாமல் சொன்னாளே! அவள் தட்டுத் தடுமாறி வாங்கில் போய் விழுந்த நேரம், கைரியா ஒரு பெரிய அன்னாசிப் பழத்தோடு படுதாவை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"என்ன சென்னார்?"

"கசமில்லையாம் மதினி."

கைரியா அன்னாசியையும் பாயிஸாவையும் சேர்த்துக் கட்டிப்பிடித்து அழுதாள். முள் குத்தியது. இருவரும் பொருட்படுத்தவில்லை.

"மதினி, உள்ள ஈக்கிறது மாமி."

"எந்த மாமி?"

உள்ளேயிருந்து கணீரென்று குரல் வந்தது. "ஈ. எப், பீ. டீ, ஓ, இசெட். எல், பீ, ஈ, டீ. பீ, ஈ, சீ, எப், டீ…"

"நல்லது பெரியம்மா, நல்லது" என்றார் டொக்டர். "ஆனால் பலகை சுவரைப் பாத்துக்கொண்டு நிக்குது. நீங்கள் வாசிக்கிறது அதிண்ட முதுகை!"

கைரியாவின் கையிலிருந்து அன்னாசி உருண்டு வாங்குக்கு அடியில் போய்விட்டது.

கால் மணி நேரம் உள்ளே என்ன பேசினார்களோ, உம்மு குல்சும் வெளியே வந்தபோது சிரித்த அடையாளமும் இருந்தது, அழுத அடையாளமும் இருந்தது. வாங்கைத் தடவி வந்து பாயிஸாவின் கையைப் பிடித்தாள். கட்டைவிரல் மோதிரத்தைத் தேடிக் கண்டது.

"பச்சக் கல்லு. நாலு கட ஏறி எறங்கி வாங்கின கல்லு."

"மாமி, நான் ஒளிச்சது பிழ…"

"ஒன் பேரக் கூப்பிட்ட நேரம் எனக்கு நெஞ்சு நிண்டு போச்சி. பொய் செல்ல மாட்டேன், பயந்துதான் போனேன். எழும்பி ஊட்டுக்குப் போயிருவோமான்னும் நெனச்சேன். ஆனா எனக்கு அந்த நாலாவது வரிய ஓதித் தந்த புள்ளய உட்டுட்டுப் போக மனசு வரல்ல. குந்தியிருந்தேன். பொறகுதான் உள்ளுக்கு டொக்டர் சிரிக்கிறது கேட்டிச்சி." கையை விடவில்லை. "ஒளிச்சதுக்கு ஏச எனக்கு வாயில்ல. நானும் ஒளிச்சவதானே. ஆனா அதட்டுற காலுன்னு சென்னியே, அத மறக்க மாட்டேன்."

பாயிஸா சிரித்தாள், அதே நேரம் அழுதாள். இந்த மனுஷியைத் தனக்குப் பிடித்துவிட்டது என்று அவளுக்கு அந்த நிமிடம் தெரிந்தது.

"கைரியா" என்றாள் உம்மு குல்சும். "பதினாறு நாள்ள கலியாணம் இல்ல."

"மாமி!"

"டொக்டர்ட செல்லிட்டேன், கண்ண வெட்டப் போறேன். கட்டவுழ்த்து, கண்ணாடி போட்டு, இந்த மொகத்த என்ட கண்ணால பாத்தப் பொறவுதான் நிக்காஹ். ஊரு அழகுன்னு சென்னத்துக்காக நான் இனி அழகுன்னு செல்ல மாட்டேன். நானே பாத்துச் செல்லுவேன்."

"ஊரெல்லாம் கலியாணம் செல்லியாச்சே மாமி! இவட நானாக்கிட்ட யாரு செல்றது? அவர் பல்லு நோவுன்னு நெனச்சிக்கிட்டு ஈக்கார்."

"பல்லா? பல்லுக்கு என்ன?"

கைரியா குனிந்து வாங்குக்கு அடியில் அன்னாசியைத் தேடத் தொடங்கினாள்.

"செரி, பொறகு பேசுவோம்" என்றாள் உம்மு குல்சும். "என்னக் கூட்டிக்கிட்டு வந்த மகன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கிறான். நிக்காஹ்வுக்கு முந்தி அவன் ஒங்களப் பாக்கப்படாது. பின்வாசலால போங்க."

அவன் பார்க்கக் கூடாது. சரிதான். அவள் பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே!

பாயிஸா ஜன்னல் சீலையை ஒரு விரல் அகலம் விலக்கினாள். மருந்து கிட்டக் கண்ணைத்தான் கலக்கியிருந்தது. தூரம் துல்லியமாக இருந்தது. வலக் கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, மூன்று வாரம் அவளை அழவைத்த இடக் கண்ணால் பார்த்தாள்.

மர நிழலில் ஒரு கறுப்புக் குடை. குடைக்குக் கீழே ஒருவர், கடலைச் சுருளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார். அடர்ந்த மீசை. கோட்டின் இரண்டாவது பொத்தான் மட்டும் வேறு நிறம். அதை மாற்றித் தைக்க வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள், அப்படி நினைத்ததற்குத் தானே வெட்கப்பட்டாள். சாம்பல் கறை இருந்த இடத்தில் முழுதாக ஒரு முகம் இருந்தது.

அந்த முகம் பக்கத்தில் நின்ற யாரிடமோ திரும்பிப் பேசியது. பக்கத்தில் நின்றவர் வாசலுக்கு மேலே இருந்த பெரிய கண் படத்தை அண்ணாந்து பார்த்து, கையை நீட்டி ஏதோ கேட்டார். பிறகு இரண்டு பேரும் ஒரே குடையில் ரோட்டைக் கடக்கத் தொடங்கினார்கள்.

"மதினி" என்றாள் பாயிஸா, கண்ணை எடுக்காமல், அடக்க முடியாத சந்தோஷத்தோடு. "மாப்புளயோட நானா வாறாங்க. கையில கராம்பு எண்ணெய்ப் போத்தல். மூடி நீலம் மதினி, எனக்கு இங்கருந்தே வெளங்குது!"